ராஜாளி மேல் போட்ட பழி

கேட்டுக்கொள்ளுங்கள். சின்னவர்கள் கேட்கலாம், பெரியவர்களும் கேட்கலாம். உண்மையைச் சொன்னால் பெரியவர்கள்தான் முக்கியமாகக் கேட்க வேண்டும்.

தபாலும் தந்தியும் பிறக்காத காலம் அது. ஏழுகரை என்ற ஊரில் வீரகேது என்று ஒரு ராஜா இருந்தான். அவனுக்கு நல்ல செய்தியானாலும் கெட்ட செய்தியானாலும் புறாதான் கொண்டுவர வேண்டும். அதனால் அந்த ஊரில் புறா வளர்ப்பவர்களுக்குப் பெரிய மரியாதை இருந்தது.

வருடா வருடம் பங்குனி மாதத்தில் அங்கே புறாப் பந்தயம் நடக்கும். புறாக்களைக் கூடையில் வைத்து, மூன்று நாள் மாட்டுவண்டியில் கொண்டுபோய், சங்குமுனை என்ற கடற்கரையில் விடியற்காலையில் திறந்து விடுவார்கள். உச்சிப்பொழுதுக்குள் அவை வீடு திரும்பிவிடும். யாருடைய புறா முதலில் வந்து தன் மாடத்தில் இறங்குகிறதோ, அவனுக்கு ராஜாவே தன் கையால் பட்டுத் தலைப்பாகை கட்டுவான்.

அந்த ஊர்ப் புறாக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பறக்க விடுவதற்கு முதல்நாள் புறாவுக்குத் தண்ணீர் காட்டமாட்டார்கள். தாகம் எடுத்த புறா எங்கும் சுற்றாது, எதையும் வேடிக்கை பார்க்காது, வீட்டுத் தண்ணீரை நினைத்துக்கொண்டு நேராக வந்துவிடும் என்பது அவர்கள் கணக்கு. இதற்கு வாய்க்கட்டு என்று பேர் வைத்திருந்தார்கள். அடுத்தவர் வாயைக் கட்டிவிட்டு அதற்கு அழகாக ஒரு பேரும் வைக்க மனிதனுக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்?

இன்னொரு வழக்கமும் உண்டு. பந்தயம் முடிந்த ஐந்தாம் நாள், வெளியூர் போன வண்டியெல்லாம் திரும்பியபின், அரண்மனையில் இழப்புச் சபை கூடும். புறாவைப் பறிகொடுத்தவன் ஒவ்வொருவனும் எழுந்து நின்று, அது எப்படிப் போயிற்று என்று சொல்ல வேண்டும். மழையில் போனால் குற்றமில்லை. வேடன் வலையில் போனால் குற்றமில்லை. ராஜாளி அடித்தால் குற்றமில்லை. ஆனால் வளர்த்தவன் தவறால் போயிருந்தால், அவன் மூன்று வருடம் மாடத்தை மூடிவைக்க வேண்டும். பங்குனியில் மழை ஏது? கடற்கரைப் பக்கம் வேடன் ஏது? ஆகவே எழுந்தவனெல்லாம் ராஜாளி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவான்.

அந்த ஊரில் பொன்னரங்கன் என்ற புறாக்காரன் இருந்தான். கெட்டவன் இல்லை. புறா இறகில் ஒரு பேன் இருந்தால் அவனுக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவனுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது, அந்தப் பட்டுத் தலைப்பாகை. அதை ஒரு முறையாவது கட்டிக்கொண்டு தன் தெருவில் நடந்துவிட வேண்டும்.

ஒரு வருடம் அவனுக்கு ஒரு யோசனை தோன்றியது. ஒரு நாள் வாய்க்கட்டுக்கே புறா இந்த வேகம் பறக்கிறது என்றால், இரண்டு நாள் வாய்க்கட்டுக்கு எப்படிப் பறக்கும்?

அந்தப் பங்குனியில் மூன்று புறாக்களை இரண்டு நாள் தண்ணீர் காட்டாமல் விட்டான். இரண்டு திரும்பி வந்தன. அதில் ஒன்று ஊரிலேயே முதலாவதாக வந்தது. தலைப்பாகை கிடைத்தது. வராத ஒன்றுக்குச் சபையில் எழுந்து ராஜாளி என்றான்.

அடுத்த பங்குனியில் மூன்று புறாக்களை இரண்டரை நாள் தண்ணீர் காட்டாமல் விட்டான். ஒன்றுதான் திரும்பி வந்தது. அதுவும் முதலாவதாக வந்தது. மறுபடியும் தலைப்பாகை. வராத இரண்டுக்கும் சபையில் எழுந்து ராஜாளி என்றான்.

வந்த புறாவைத்தான் ஊர் பார்த்தது, அவனும் அதைத்தான் பார்த்தான். வராதது கண்ணில் படாது அல்லவா? மற்றப் புறாக்காரர்களும் இவன் வித்தையை மோப்பம் பிடித்துத் தாங்களும் வாய்க்கட்டை நீட்டினார்கள்.

மூன்றாம் பங்குனி வந்தது. அவன் மாடத்தில் நீலி என்று ஒரு பெட்டைப் புறா இருந்தது. முன்பொரு போரில் அரண்மனைக்கு வெற்றிச் செய்தி கொண்டுவந்த புறா அது. ராஜாவுக்கே அதன்மேல் பிரியம். அப்போது அது குஞ்சு பொரித்துப் பத்து நாள் ஆகியிருந்தது. குஞ்சு இருக்கும் தாய் மற்ற எந்தப் புறாவையும்விட வேகமாக வீடு திரும்பும். பொன்னரங்கனுக்கு அது தெரியும். அவன் மனைவி அலமேலு குறுக்கே நின்றாள்.

"குஞ்சை விட்டுட்டு அதை எப்படிங்க கூட்டிட்டுப் போவீங்க? பாவம் இல்லையா?"

"நாலு நாள்தானே. நீ பார்த்துக்க. அது பறந்து வர்ற வேகத்தைப் பாரு அப்புறம்."

நீலியையும் இன்னும் இரண்டு புறாக்களையும் மூன்று நாளும் தண்ணீர் காட்டாமல் கொண்டுபோய்ச் சங்குமுனையில் விட்டான். மூன்றும் கடல் பக்கம் ஒரு வட்டம் போட்டு, ஊர்ப் பக்கம் திரும்பிப் பறந்தன. அவன் வண்டியில் திரும்பி வந்து சேர்ந்தபோது அலமேலு வாசலில் நின்றிருந்தாள். ஒன்றும் வரவில்லை என்று அவள் முகமே சொன்னது.

சபை கூடியது. பொன்னரங்கன் எழுந்து நின்றான்.  வாயில் வந்தது பழைய வார்த்தைதான்.

"மூணையும் ராஜாளி கொண்டுபோயிடுச்சு மகாராசா."

நீலியும் போய்விட்டதா என்று ராஜா கேட்டான். ஆமாம் என்றதும் அவன் கண் சிவந்தது. "அந்த ராஜாளி எங்கே இருக்கிறது?" என்றான்.

வண்டிப்பாதை ஓரத்தில் கூகைமலை என்று ஒரு மலை உண்டு. அதன் செங்குத்துப் பாறையில் ஒரு ஜோடி ராஜாளி தலைமுறை தலைமுறையாகக் கூடு வைத்திருந்தது. அந்தப் பாறையில் கயிறு கட்டி இறங்கத் தெரிந்தவன் ஒரே ஒருவன், சடையன் என்ற தேனெடுப்பவன். அவனைக் கூப்பிட்டு, அந்த ராஜாளிகளைக் கூண்டோடு ஒழித்துவிட்டு வா என்றான் ராஜா.

சடையன் கைகட்டி நின்றுகொண்டு தயங்கினான்.

"மகாராசா, அதுங்க கிளி பிடிக்கும், மைனா பிடிக்கும். புறாவும் பிடிக்கும், இல்லேன்னு சொல்லல. ஆனா வருசத்துக்கு ஒண்ணோ ரெண்டோதான். வருசா வருசம் பாறைக்கு இறங்குறவன் நான், எனக்குத் தெரியும். இத்தனை புறா போச்சுன்னா அது வேற எங்கயோ போகுது."

ராஜா பொன்னரங்கன் பக்கம் திரும்பினான். "நீ உன் கண்ணால் பார்த்தாயா?"

இந்த இடத்தில் பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்கக்கூட வேண்டாம், தலையை ஆட்டினாலே போதும். ஆனால் மூன்று வருடம் மாடத்தை மூடுவதை நினைத்தான். வாங்கிய இரண்டு தலைப்பாகைகளை நினைத்தான்.

"பார்த்தேன் மகாராசா. கூகைமலை மேல வெச்சு அடிச்சுது."

அது அவன் ராஜாவிடம் சொன்ன பொய்.

நான்காம் நாள் சடையன் ஒரு கூடையோடு வந்தான். அரண்மனை முற்றத்தில் அதைக் கவிழ்த்தான். இரண்டு பெரிய ராஜாளிகள் கழுத்து மடங்கிக் கிடந்தன. இறகு முளைக்காமல் வெள்ளைப் பஞ்சாக இருந்த மூன்று குஞ்சுகளும் கிடந்தன. கூட்டில் வழித்தெடுத்த எலும்பும் இறகும் ஒரு குவியல். அந்தக் குவியலில் இரண்டே இரண்டு செப்பு வளையங்கள் இருந்தன. பந்தயப் புறா ஒவ்வொன்றின் காலிலும் அப்படி ஒரு வளையம் உண்டு, வளர்த்தவன் அடையாளம் அதில் கீறியிருக்கும். பொன்னரங்கனுடையது மூன்று கோடு.

சடையன் அந்த இரண்டையும் பொறுக்கி அவன் முன்னால் நீட்டினான். ஒன்றிலும் மூன்று கோடு இல்லை.

"உங்க வளையம் ஒண்ணுகூட இல்லையே ஐயா."

"பாறை இடுக்குல விழுந்திருக்கும்" என்றான் பொன்னரங்கன். அது அவன் சடையனிடம் சொன்ன பொய். சடையன் வளையங்களைக் கீழே வைத்தான். குஞ்சுகளைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனான்.

வீட்டுக்கு வந்தால் அலமேலு. "நெசமாவே நீங்க பார்த்தீங்களா?" என்று கேட்டாள்.

"பார்த்தேன்னு சொல்றேன்ல."

அது அவன் மனைவியிடம் சொன்ன பொய். மூன்று பேரிடம் சொன்னபின் ஒரு வசதி உண்டு, சொன்னவனுக்கே நம்பிக்கை வந்துவிடும். கொஞ்ச நாளில் அந்த ராஜாளி நீலியை அடித்தது அவன் கண்முன்னாலேயே தெரிய ஆரம்பித்தது. எந்தச் சிறகைப் பிடித்தது என்றுகூட அவன் சொல்லுவான்.

நீலியின் குஞ்சுகள் இரண்டில் ஒன்று, தாய் போன மூன்றாம் நாளே செத்துப்போனது. இன்னொன்றை அலமேலு விடவில்லை. கம்பை ஊறவைத்து மென்று, தாய்ப்புறா ஊட்டுகிற மாதிரி வாயோடு வாய் வைத்து ஊட்டினாள். பிள்ளை இல்லாத வீடு அது. எல்லாம் போனபின் மிஞ்சியது என்பதால் அதற்கு மிச்சம் என்றே பேர் வைத்தாள். அவள் மாவரைத்தால் அது உரல் ஓரத்தில் உட்காரும். அவள் கிணற்றடிக்குப் போனால் கூடவே பின்னால் தத்தித் தத்திப் போகும். ஊரார் சிரித்தார்கள். அவள் அதைச் சட்டை செய்யவில்லை.

நான்காம் பங்குனி வந்தது. ஊருக்கே கொண்டாட்டம், ராஜாளிதான் ஒழிந்ததே. புறாக்காரர்கள் எல்லோரும் பயமில்லாமல் மூன்று நாள் வாய்க்கட்டுக்குத் துணிந்தார்கள். பொன்னரங்கன் மிச்சத்தைக் கூடையில் வைத்தான். அலமேலு கூடையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேற எதையாவது கொண்டுபோங்க. இது மட்டும் வேணாங்க."

"மாடத்துல வேற என்ன இருக்கு, இதையும் அதோட கிழட்டு அப்பனையும் தவிர? இது நீலியோட ரத்தம். இதுதான் ஜெயிக்கும்."

"சரி. தண்ணியாவது காட்டிட்டு விடுங்க. எனக்கு வாக்குக் குடுங்க."

"காட்டுறேன். கூடையை விடு."

அவள் விட்டாள்.

வண்டிகள் மூன்று நாள் போயின. அந்த வருடம் வெயில் வெளுத்து வாங்கியது. முதல் நாள் மிச்சம் கூடைக்குள் அங்குமிங்கும் நடந்தது. இரண்டாம் நாள் உட்கார்ந்துவிட்டது. மூன்றாம் நாள் மாலை, அலகைத் திறந்தபடி, தொண்டை படபடக்க மூச்சு வாங்கியது. பொன்னரங்கன் பார்த்தான். அவன் மனம் கல் இல்லை. சுரைக்குடுக்கையிலிருந்து தேங்காய்ச் சிரட்டையில் தண்ணீர் ஊற்றினான். தண்ணீர் சத்தம் கேட்டதும் மிச்சம் எழுந்து நின்றது.

அப்போது பக்கத்து வண்டியைப் பார்த்தான். அங்கே யாரும் தண்ணீர் காட்டவில்லை. எதிர் வண்டியைப் பார்த்தான். அங்கேயும் காட்டவில்லை. நான் மட்டும் காட்டினால் என் புறா மட்டும் பிந்திவிடும் என்று நினைத்தான். சிரட்டையிலிருந்த தண்ணீரைத் தரையில் கொட்டினான். மணல் அதை உடனே குடித்துவிட்டது.

விடியற்காலையில் நாற்பது புறாக்களும் வானத்தில் எழும்பின. ஒரு மேகம் இல்லை, ஒரு பருந்துகூட இல்லை. பொன்னரங்கனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வண்டியில் போனால் மூன்று நாள். உப்பளம் வழியாக ஒற்றையடிப் பாதை ஒன்று உண்டு. வண்டி போகாது, ஆகையால் எந்தப் புறாக்காரனும் அந்த வழியே போனதில்லை. நடந்தால் மறுநாள் மாலையே ஊர் சேர்ந்துவிடலாம். தலைப்பாகை காத்திருக்கும்போது வண்டியாவது மாடாவது என்று நடக்கத் தொடங்கினான்.

உச்சி வெயிலில் உப்பளத்துக்கு வந்தான். கண்ணுக்கு எட்டின தூரம் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் பளபளத்தது. மேலே இருந்து பார்த்தால் குளம் குளமாகத்தான் தெரியும். அங்கே ஓலைக்குடிசை நிழலில் உப்பு வாருகிற பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்தில் வரிசையாகப் புறாக்கள் கிடந்தன. பத்துக்கு மேல் இருக்கும்.

பொன்னரங்கன் அவற்றை நோக்கி ஓடினான். "இதெல்லாம் என்னம்மா?" என்றான்.

"அதை ஏன் கேக்கறீங்க? வருசா வருசம் பங்குனியில ஒரு நாள் வானத்துலேர்ந்து எறங்குதுங்க. எந்த ஊருப் புறாவோ தெரியல, தாகத்துல வருதுங்க. நல்ல தண்ணின்னு நெனச்சு உப்புத்தண்ணியைக் குடிச்சிட்டு அங்கேயே சுருண்டு விழுந்துடுதுங்க. முன்னல்லாம் ரெண்டு மூணுதான் வரும். இப்ப நாலு வருசமா எக்கச்சக்கம். இன்னிக்கு இந்தப் பக்கத்துல மட்டும் இத்தனை. அந்தப் பக்கம் இன்னும் கிடக்கு. நாங்களும் கையைத் தட்டி விரட்டிப் பார்க்கிறோம், போகமாட்டேங்குதுங்க."

வரிசையின் கடைசியில் ஒரு புறாவின் சிறகு அசைந்தது. அதன் கால் வளையத்தில் மூன்று கோடு இருந்தது.

அவன் மிச்சத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். குடுக்கைத் தண்ணீரை உள்ளங்கையில் ஊற்றி அலகுக்கு நேராகப் பிடித்தான். அது குடித்தது. நிமிர்ந்து மூச்சு விட்டது, மறுபடியும் குடித்தது. பிழைத்துவிடும் என்று நினைத்தான். ஆனால் உப்பு உள்ளே போய் வெகுநேரம் ஆகியிருந்தது. மூன்றாவது தடவை அலகை வைத்தபோது தலை அவன் கைமேல் சாய்ந்தது, பிறகு நிமிரவில்லை.

அவன் அழுதான். வளர்ந்த ஆண்பிள்ளை, உப்பளத்து வரப்பில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான்.

அந்தப் பெண் குடிசைக்குள் போய் ஒரு மண்சட்டியைக் கொண்டுவந்தாள். "புதைக்கிறப்ப இதைக் கழட்டி வெச்சிருவோம். யாராச்சும் தேடிட்டு வருவாங்கன்னு. இத்தனை வருசத்துல நீங்கதான் மொதல்ல வந்திருக்கீங்க."

சட்டி நிறையச் செப்பு வளையங்கள். பொன்னரங்கன் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தான். முதல் வருடம் வராத ஒன்று இருந்தது. இரண்டாம் வருடம் வராத இரண்டும் இருந்தன. மூன்றாம் வருடம் வராத மூன்றும் இருந்தன. நீலியின் வளையம் தேய்ந்து மெலிந்திருக்கும், தொட்டவுடனே அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஒன்றைக்கூட ராஜாளி தொடவில்லை.

சட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு, மிச்சத்தைத் துண்டில் பொதிந்து எடுத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தான். அலமேலு மொட்டை மாடியில் வானத்தைப் பார்த்தபடி நின்றிருந்தாள். அவனைக் கண்டதும் இறங்கி வந்தாள். துண்டை விலக்கிப் பார்த்தாள். அவள் ஓலமிடவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"தண்ணி காட்டினீங்களா?"

காட்டினேன் என்று சொல்லலாம். யார் கண்டது? சொன்னால் அவள் நம்பவும் செய்வாள். முதலில் ராஜாவிடம் சொன்னவன், பிறகு சடையனிடம் சொன்னவன், பிறகு இவளிடமே சொன்னவன், நான்காவது தடவை சொல்வது என்ன பெரிய காரியம்? ஆனால் அவனால் முடியவில்லை.

"இல்ல" என்றான்.

அவள் அந்தத் துண்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அன்றைக்கு அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. மறுநாளும் எரியவில்லை.

இழப்புச் சபை கூடியது. நாற்பதில் ஏழுதான் வீடு வந்திருந்தன. புறாக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ராஜாளி இல்லாத ஊரில் யார் மேல் பழி போடுவது? கடைசியில் ஒருவன் எழுந்தான். "வேற மலையிலேர்ந்து புது ராஜாளி வந்திருக்கு மகாராசா" என்றான். இன்னொருவன் எழுந்து ஆமாம், நானும் பார்த்தேன் என்றான். மூன்றாமவன் எழுந்து, ஒன்றல்ல, மூன்று ஜோடி என்றான். ராஜா சடையனை அழைத்துவரச் சொன்னான்.

சடையன் வந்து கைகட்டி நின்றான். அடுத்த மலைக்குக் கயிறு எடு என்று ராஜா வாய் திறப்பதற்குள் பொன்னரங்கன் எழுந்து வந்து, சட்டியை நடுச்சபையில் கவிழ்த்தான். வளையங்கள் கலகலவென்று தரையெங்கும் ஓடின. ஒவ்வொருவர் காலடியிலும் ஒன்றிரண்டு போய் நின்றது. அவரவர் அடையாளத்தை அவரவர் பார்த்தார்கள்.

"புது ராஜாளியும் இல்ல, பழைய ராஜாளியும் இல்ல மகாராசா. உப்பளத்துல தண்ணின்னு நெனச்சு எறங்கிச் செத்திருக்கு. தாகத்துல விட்டது நாங்க. மூணு நாள் வாய்க்கட்டைத் தொடங்கி வெச்சது நான். ராஜாளி அடிச்சதை நான் பார்க்கல. பார்த்தேன்னு சொன்னது பொய்."

 ராஜா ஆசனத்தை விட்டு இறங்கி வந்தான். பாறையில் செத்த ஐந்து உயிர்களுக்கு உத்தரவு போட்டது அவன் வாய் அல்லவா? பிறகு சடையனைப் பார்த்து, "அந்தக் கூட்டுக்கு வேறு ராஜாளி ஜோடியைக் கொண்டுவந்து வைக்க முடியுமா?" என்று கேட்டான்.

"அதுவா வந்தாத்தான் உண்டு மகாராசா. நாம வெச்சா இருக்காது" என்றான் சடையன். கூகைமலையில் அந்தக் கூடு அதற்குப் பிறகு வெறுமையாகவே கிடந்தது.

அன்றே வாய்க்கட்டு ஒழிந்தது. சங்குமுனையில் தண்ணீர்த் தொட்டி கட்ட ராஜா உத்தரவிட்டான். கட்டினார்கள். கடைசியில் பொன்னரங்கன் முறை வந்தது.

"வழக்கப்படி நீ மூன்று வருடம் மாடத்தை மூடவேண்டும்" என்றான் ராஜா.

பொன்னரங்கன் தலைகுனிந்து கும்பிட்டான். "நீலியோட கிழட்டு ஜோடி ஒண்ணுதான் இருந்துச்சு மகாராசா. அதையும் இன்னிக்குக் காலைல என் வீட்டுக்காரி திறந்து விட்டுட்டா. மூடுறதுக்கு உள்ள ஒண்ணும் இல்ல."

கேட்டீர்கள் அல்லவா? தன் தவறை அடுத்தவன் தலையில் கட்டுகிறவன் அந்தத் தவறைத் திருத்திக்கொள்ளும் வழியைத் தானே அடைத்துக்கொண்டு, கடைசியில் அதனாலேயே எல்லாவற்றையும் இழப்பான்.